மூன்றாம் ஓலையும் ரோஜா விழுங்கிய வரியும்

மட்டாஞ்சேரி
செவ்வாய், மாலை 4.10

கர்த்தருக்குள் பிரியமான ஞானசிகாமணி மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரோஜாவின் கணவன் இசக்கிதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான், ரோஜா, மகள் ஸாதனா மூவரும் சரீரத்தில் சுகம். மற்ற விஷயத்தில் சுகமில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். அங்கே அக்காவின் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் “ஜெபிப்போம் மாப்பிள்ளை” என்று வைத்துவிடுகிறீர்கள். முப்பத்தொன்பது வருடம் நிருபராக இருந்தவன் நான். நடந்ததை நேரம் குறித்து வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீங்கள்தான். இறையியல் கல்லூரியில் சபை சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, பழைய பாட நோட்டுகள் பதினொன்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றினீர்கள். வைட்டிலா பஸ் நிலையத்துக்குப் போய் அதை இறக்கித் தோளில் சுமந்து வந்தவன் நான். தூசி தட்டி அலமாரியில் வை என்று ரோஜாவிடம் சொன்னவனும் நான்தான். அவள் தூசி தட்டவில்லை, வாசித்தாள். அதுவும் எந்த நேரத்தில்! சகல ஆத்துமாக்கள் நாளில் கல்லறைத் தோட்டத்தில் வாசிக்க, இறந்துபோனவர்கள் பெயரைச் சபையில் கேட்டிருந்தார்கள். ரோஜா என் அம்மா முப்பிடாதியின் பெயரைக் கொடுத்தாள். அம்மா ஞானஸ்நானம் எடுக்காதவள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கையைக் கட்டுவதற்காக நான் தண்ணீரில் இறங்கினேன், அம்மா இறங்கவில்லை, அவ்வளவுதான். நம் போதகர் அந்தப் பெயரை நீலப் பேனாவால் அடித்துவிட்டார். கேட்டதற்கு, “சட்டம் அப்படி அக்கா, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு” என்றாராம். ரோஜா நேராக வீட்டுக்கு வந்து உங்கள் முதல் நோட்டைத் திறந்தாள். அம்மா எங்கள் வீட்டில் இருந்தது பதினோரு வருடம், உங்கள் நோட்டும் பதினொன்று. நான் செய்தி எழுதிய காலத்தில் இப்படி ஒரு பொருத்தம் வந்தால் ஆசிரியர் நம்பியிருக்க மாட்டார்.

நாலாவது நோட்டில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறதாம். ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் “பாதாளத்தில் இறங்கினார்” என்ற வரி, மிகப் பழைய பிரமாணங்களில் கிடையாது, பிற்காலத்தில் சேர்ந்தது என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓரத்தில் பென்சிலால் “யார் சேர்த்தது? ஏன்?” என்று கேள்வி வேறு போட்டிருக்கிறீர்கள். பதிலை எழுதாத கேள்வியை எதற்கு மச்சான் பெட்டியில் போட்டு அனுப்புகிறீர்கள்? நான் வீட்டில் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தது ஒன்றுதான்: யார் சொன்னது, நேரில் பார்த்தது யார், இரண்டும் தெரியாமல் எதையும் திருப்பிச் சொல்லாதே. அதை அவள் பக்கத்து வீட்டு வம்புக்குத்தான் பயன்படுத்துவாள் என்று நினைத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஸாதனாவுக்கு நாகர்கோவில் சம்பந்தம் கூடிவந்தது. ஸாதனா வேலை பார்க்கும் காக்கநாட்டில்தான் பையனுக்கும் வேலை, இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருக்கிறது என்பதைக் கடைசியாக அறிந்தவன் முன்னாள் நிருபராகிய நான். பையனின் அப்பா அவர்கள் சபையில் மூப்பர். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, “தடை உண்டா” என்று கேட்க வேண்டும் அல்லவா? நம் சபை ஆராதனை இப்போது யூடியூபில் நேரலையாகப் போகிறது. சம்பந்தி மூன்று ஞாயிறும் அங்கிருந்தே பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார்.

முதல் ஞாயிறு, காலை 8.47. ஓலை வாசித்தாயிற்று, தடை இல்லை. எல்லாரும் எழுந்து பிரமாணம் சொன்னோம். ரோஜாவின் குரல் உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் காது சுத்தமாகக் கேட்காது, அவளைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டே ரோஜாவுக்கு அந்தக் குரல் வந்துவிட்டது. அவள் அரை வார்த்தை முன்னால் போவாள், சபை பின்னால் போகும். அன்றைக்கு “அடக்கம்பண்ணப்பட்டு” வரை வந்து நிறுத்தினாள். வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தாள். சபை முழுக்க அந்த வார்த்தையோடு நிறுத்திவிட்டது. போதகர் மட்டும் “பாதாளத்தில்...” என்று தனியாக இழுத்தார். யாரும் வரவில்லை. கீபோர்டு வாசிப்பவர் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து ஆமென் வாசித்துவிட்டார். அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

11.20க்கு சம்பந்தி போன் செய்தார். “சம்பந்தி, ஆண்டவர அடக்கம் பண்ணினியோ, செரி. அப்படியே விட்டுட்டு உக்காந்துட்டியளே?”

மைக் கோளாறு என்றேன். முப்பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன முதல் பொய்ச் செய்தி அது.

போதகர் சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். சாயா குடித்தார், நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி இரண்டு சாப்பிட்டார், பிறகு மெதுவாக, “அக்கா, அந்தக் காலத்தில நிசேயா பட்டணத்தில பெரிய பெரிய பிஷப்மார் கூடித் தீர்மானிச்ச விசுவாசம். நம்ம மாத்த முடியுமா?” என்றார். அவருக்குப் பின்னால் நின்று பேசாதே என்று நான் கையைக் காட்டினேன். அவள் பார்த்தால்தானே!

“அந்தக் கூட்டத்தக் கூட்டின ரோமாபுரி ராஜா அப்போ ஞானஸ்நானம் வாங்கியிருந்தாரா ஐயா?”

போதகர் மூன்றாவது பழம்பொரியைத் தட்டில் வைத்தார். “சாகப் போற சமயத்தில வாங்கினாரு.”

“அப்போ, முழுகாத ராஜா பிஷப்மாருக்கு நடுவுல நாற்காலி போட்டு உக்காரலாம். முழுகாத எங்க அத்த பேர ஒரு பேப்பர்ல வாசிக்கக்கூடாது. அப்படித்தானே?”

மச்சான், அந்த மனுஷன் நல்லவர். “நான் ஜெபிச்சிட்டுச் சொல்றேன் அக்கா” என்று எழுந்து போய்விட்டார், குடையை மறந்துவிட்டு.

இரண்டாவது ஞாயிறு நானே ஒரு ஏற்பாடு செய்தேன். அவள் நிறுத்தும் இடத்தில் நான் சத்தமாகச் சொல்லிவிட்டால் சபை என் பின்னால் வந்துவிடும் அல்லவா? அவள் நிறுத்தினாள். நான் பெருங்குரலில், “பாதாளத்தில் எழுந்தருளினார்!” என்றேன், இறங்குவதற்கு முன்பே அடுத்த வரிக்குத் தாவி எழுப்பிவிட்டேன். இத்தனை வருடமாக நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கும், சபைக்கும், யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்த இருநூற்றுப் பதினாலு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. ஸாதனா தலையைக் குனிந்துகொண்டு, “அப்பா, கொஞ்சம் சும்மா நில்லுங்க” என்றாள். அன்றைக்கு சம்பந்தி போன் செய்யவில்லை. நேராகப் போதகருக்கு எழுதிவிட்டார்: பெண்ணின் அம்மா வரியை விழுங்குகிறார்கள், அப்பா மாற்றுகிறார், இந்த வீட்டு விசுவாசம் என்ன என்று தெரியாமல் எங்களால் மேற்கொண்டு போக முடியாது. ரோஜா முழுப் பிரமாணமும் சொல்லாமல் மூன்றாம் ஓலையை வாசிக்க இயலாது என்று போதகர் இப்போது கையைப் பிசைகிறார். ஸாதனா இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தன் அறைக்குள் எடுத்துப் போய்விடுகிறாள்.

ரோஜாவோ விடிந்ததும் படகு ஜெட்டிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்கிறாய் என்றேன். ஜெபமாம். வாய் அசையவில்லையே என்றேன். “எத்தன வருஷம் நானே பேசிட்டிருந்தேன். இனி அவர் பேசட்டும்னு இருக்கேன்” என்றாள். ஏதாவது சொன்னாரா என்றேன். “உங்க ஆபீஸ் மாதிரி ஆறு மணிக்குள்ள கொடுன்னு அவர்கிட்ட கேக்க முடியாதாக்கும்” என்றாள்.

மசாலாக் கடை சலாவுதீனிடம் புலம்பினேன். அம்மா அவரிடம் சுக்கு வாங்கும்போது போடும் சண்டை பஜார் ரோட்டுக்கே தெரியும். “அண்ணே, உங்க போதகர் கணக்குப்படி பாத்தா நானும் அம்மாவும் ஒரே எடத்துக்குத்தான் போறோம். நல்லதாப் போச்சு. சுக்குக்கு அங்கயும் சண்டை போட ஆள் வேணும்ல?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா எங்கே இருக்கிறாள் என்பது பற்றி எனக்குத் தகவல் இல்லை. தகவல் இல்லாத விஷயத்தில் நான் எழுதுவதில்லை. எனக்கு வேண்டியது என் மகள் கல்யாணம். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன், சனிக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து, அந்த இரண்டு வார்த்தையை உங்கள் தங்கை வாயிலிருந்து வரவழைத்து, உங்கள் பதினொரு நோட்டையும் பெட்டியோடு திருப்பி எடுத்துப் போக வேண்டியது. இனிமேல் கேள்வி எதையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக. நம் இரண்டு வீட்டையும் நோட்டுப் புத்தகங்களிடமிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த மைத்துனன்,
இசக்கிதுரை

பி.கு.: ஞாயிறு, மதியம் 1.40. பின்கோடு எழுத மறந்துவிட்டேன். கூரியர் வியாழனன்று திரும்பி வந்தது. ரோஜா கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்து, முழுக்க வாசித்துவிட்டாள். மேலே 8.47 என்று இருப்பது தவறு, 8.51 என்று அவள் திருத்தியிருக்கிறாள், சரிதான். “எல்லார் சொன்னதும் எழுதியிருக்கீங்க. உங்க அம்மையப் பத்தி உங்க மனசுல உள்ளத நீங்க ஒரு வரி எழுதலையே” என்று மட்டும் கேட்டுவிட்டு, அன்றுதான் வாசித்து முடித்த கடைசி நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அதில் நீங்கள் எழுதியிருப்பதை முதல்முறையாக நானும் வாசித்தேன். ஆண்டவர் பாதாளத்தில் இறங்கியது தண்டனை பார்க்க அல்ல, அங்கே கதவை உடைத்து, தம் பெயரைக் கேள்விப்படாமல் செத்தவர்களையும் கையைப் பிடித்து வெளியே கொண்டுவர என்று ஆதிச் சபையார் சிலர் பிரசங்கித்தார்கள் என்பது. யார் சேர்த்தது, ஏன் என்ற உங்கள் பழைய கேள்விக்கு அது பதிலா என்று தெரியவில்லை. ரோஜா அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு அவள் மற்ற வரிகளை எல்லாரையும் போலச் சொன்னாள். அந்த இடம் வந்ததும், அம்மாவைச் சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில் “பாதாளத்தில் இறங்கினார்!” என்று கூப்பிட்டாள். நேரலையில் சத்தம் பிளந்துவிட்டதாம். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை இல்லை. பெண்ணின் அம்மாவுக்கு விசுவாசம் திரும்பிவிட்டது என்று சம்பந்திக்குப் பரம சந்தோஷம். அது எந்த விசுவாசம் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். நானும் அவளோடு அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன், இந்த முறை சரியாக.

ஆகவே மேலே கேட்டவை எல்லாம் ரத்து. நோட்டுகள் இங்கேயே இருக்கட்டும். கடைசி நோட்டு பாதியில் நிற்கிறது, பன்னிரண்டாவது இருந்தால் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். ஒரே ஒரு விவரம் மட்டும் அதில் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காது கேட்காது, கதவை உடைத்த சத்தம் அவளுக்கு எட்டியிருக்காது. அவளை யாராவது உள்ளே போய்த் தொட்டு எழுப்பினார்களா என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?