டன்மோரி ரோவர்ஸுக்கு உடைத்த தேங்காய்

பட்டம் பெற்றவர்களை முதல் ஒரு வருடத்துக்கு வெளியே விடக்கூடாது என்பது என் கருத்து. ஓர் அறையில் வைத்து, நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்து, சூடு தணிந்த பிறகு திறந்துவிடலாம். என்னை யாரும் அப்படிப் பூட்டிவைக்கவில்லை. அதன் பலனை ஸ்கொட்லாந்தில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் அனுபவித்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அவ்வளவு தூரமும் போகவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்துகொண்டு நான் பொருளியலில் பட்டம் வாங்கினேன். (பொருளியல். இந்தக் கட்டுரையில் இதை இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. அங்கே வரும் தமிழர்களுக்கு மீதிச் சில்லறையோடு என் பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவார்.

வேலை கிடைத்தது வால்தம்ஸ்டோவில், ஒரு சின்னக் காப்புறுதிக் கந்தோரில். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது முகாமையாளர் பார்த்து, பிடித்தால் நிரந்தரமாக்குவார். பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார். அப்பா இந்த நடுக்கட்டத்தை யாரிடமும் சொல்லவில்லை. அவர் கணக்கில் நான் சேர்ந்த அன்றே ஒஃபிசர். ஆகவே வேலை போனால் எனக்கு வேலை மட்டும்தான் போகும். அப்பாவுக்குக் கிழக்கு லண்டனே போய்விடும்.

முகாமையாளர் பெயர் மிஸ்டர் மக்கின்ரி. ஸ்கொட்லாந்தின் கடற்கரையோரம் டன்மோரி என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊருக்கு டன்மோரி ரோவர்ஸ் என்று ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. கடைசிப் பிரிவில், கடைசி இடத்தில், மிகுந்த அமைதியோடு இருந்தது. அவர்கள் எந்தக் கிண்ணத்தையும் வென்றதில்லை. வென்றால் வைக்க அலுமாரியும் இல்லையாம். ஆனாலும் மிஸ்டர் மக்கின்ரி மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடியமுன் எழும்பி, ரயில் ஏறி, அந்த ஊருக்குப் போய், கடற்காற்றில் நடுங்கிக்கொண்டு அவர்கள் தோற்பதைப் பார்த்துவிட்டு வருவார். திங்கட்கிழமை தும்மிக்கொண்டு தடிமனோடு கந்தோருக்கு வருவார். அடுத்த முறையும் போவார்.

அந்தக் கழகத்துக்கு லண்டனில் ஒரு கிளை வேறு இருந்தது. தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், பதவி கிடைக்காத கோபத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் சிலர். ஸ்ட்ரெதமில் இன்னொரு கோஷ்டி. ஆண்டு விழாவில் யார் முதலில் பேசுவது என்ற பிரச்சினையில் பிரிந்து போனவர்கள். இரண்டு கோஷ்டியும் வருடக்கணக்காகப் பேசுவதில்லை. (எங்கள் ஆட்களின் ஊர்ச் சங்கங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. வடையும் மைக்கும்தான் குறைவு.)

பொருளியல் படித்த மூளை சும்மா இருக்குமா? ஒரு நாள் மதிய இடைவேளையில், அவர் சாப்பிட எடுத்த இறைச்சிப் பேஸ்ட்ரியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தபோது, இதுதான் என் திறமையைக் காட்ட நேரம் என்று நினைத்தேன்.

“மிஸ்டர் மக்கின்ரி, ஒரு வாடிக்கையாளரின் பொலிசி வருடக்கணக்காக ஒரு பலனும் தராவிட்டால் நாங்கள் என்ன சொல்வோம்?”

“வேறு பொலிசிக்கு மாறச் சொல்வோம்,” என்றார். மாணவி தேறுகிறாள் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

“அப்படியானால் டன்மோரி ரோவர்ஸை ஏன் மாற்றக்கூடாது? லண்டனிலேயே வெல்லுகிற கழகங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போய்வரலாம். இதுவரை செலவழித்தது போனது போனதுதான். அதற்காக இன்னும் செலவழிப்பது பகுத்தறிவு அல்ல என்று பொருளியல் சொல்கிறது.”

அவர் பேஸ்ட்ரியை மேசையில் வைத்தார். எழும்பினார். குடையை எடுக்காமலேயே மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த மோரீன் கையை நிறுத்தினாள். அந்தக் கந்தோரில் எல்லாருக்கும் மூத்தவள்.

“கழகத்தை மாற்றச் சொன்னாயா?”

“ஆலோசனைதான் சொன்னேன்.”

“உனக்கு முதல் அந்தக் கதிரையில் இருந்த பையனும் ஆலோசனைதான் சொன்னான்,” என்றுவிட்டு மோரீன் திரும்பவும் தட்டத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து மிஸ்டர் மக்கின்ரி என்னிடம் ‘குட் மோர்னிங்’குக்கு மேல் பேசவில்லை. தகுதிகாண் காலமோ முடியப்போகிறது. அந்த நேரத்தில்தான், பருவம் தொடங்குமுன் ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு டன்மோரி ரோவர்ஸ் லண்டனுக்கே வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்கள் கந்தோரிலிருந்து பஸ் தூரத்தில், ஓர் உள்ளூர் அணியின் மைதானம். விரும்பியவர்கள் வரலாம் என்று அறிவித்தார். அப்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காத அந்த விதத்திலேயே, போகாவிட்டால் என் கதை முடிந்தது என்று விளங்கிவிட்டது.

வீட்டில் சொன்னதும் அம்மா ஒரேயடியாக மறுத்தார்.

“ஆம்பிளையள் குவிஞ்சு நிக்கிற இடத்துக்குத் தனியப் போகப் போறியோ? கலியாணம் பேசுற நேரத்தில?”

“அம்மா, இது வேலை விசயம். போகாட்டி நிரந்தரமாக்க மாட்டாங்கள்.”

“வேலை விசயமோ? அப்ப நானும் வாறன்.”

சனிக்கிழமை அம்மா நல்ல சேலை உடுத்து, அதற்கு மேல் ஆகஸ்ட் வெயிலில் குளிர்கால கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை. பை ஒரு பக்கம் கனமாகத் தொங்கியது.

“என்னம்மா அது?”

“தேங்காய்.”

“என்னத்துக்கு?”

“ஒரு காரியமாப் போறம். வெறுங்கையோட போறதோ?”

“உது பந்தடி அம்மா. கோயில் இல்லை.”

“கார் வாங்கினா அடிக்கிறம், கடை திறந்தா அடிக்கிறம். படிச்ச உடனை உனக்கு எல்லாம் மறந்து போச்சு. நட.”

மைதான வாசலில் லண்டன் கிளை முழுவதும் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வியர்த்தபடி நின்றது. மிஸ்டர் மக்கின்ரி என்னைக் கண்டதும் தலையை அசைத்தார். அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தார். ஆட்டக்காரர்களின் பஸ் வரப்போகிறது, அதில் டூகி என்று ஒரு புதிய பையன் வருகிறான், முன்வரிசை ஆட்டக்காரன், எங்கள் ஊர் இப்படி ஒருவனைக் கண்டதேயில்லை, இந்த வருடம் எல்லாம் மாறப்போகிறது என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். ஒரு சொல்லும் விளங்காத அம்மா, “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அம்மா பையிலிருந்து தேங்காயை வெளியே எடுத்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரி, வெட்கப்படுவதைவிடப் பெருமைப்படுவது லாபம் என்று நான் கணக்குப் போட்டேன். (பொருளியல்.) உடனே கிளைத் தலைவர் முதல் கடைசி உறுப்பினர் வரை எல்லாரையும் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விரிவுரை நடத்தினேன். இது உங்கள் கழகத்துக்கு எங்கள் குடும்பத்தின் காணிக்கை. நான்தான் ஏற்பாடு செய்தேன். (வாய் கூசாமல் சொன்னேன்.) எங்கள் பண்பாட்டில் தேங்காயின் ஓடு மனிதனின் அகந்தையைக் குறிக்கும். அதை உடைத்தெறிந்தால்தான் உள்ளே இருக்கும் வெள்ளை மனம் தெரியும். தலைவர் தொப்பியைக் கழற்றினார். மிஸ்டர் மக்கின்ரியின் கண் கலங்கியதுபோல் இருந்தது. என் வேலை நிரந்தரமாகிற சத்தம் எனக்கே கேட்டது.

“என்ன பிள்ளை இவ்வளவு நேரமா அளக்கிறாய்?” என்றார் அம்மா.

“விளக்கம் சொல்லுறன் அம்மா.”

“விளக்கத்தைப் பிறகு சொல்லு. பஸ் வந்திட்டுது. தள்ளி நில்.”

பஸ் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்தது. அம்மா தேங்காயை மூன்று முறை சுற்றினார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், பிறகு முழுப் பலத்தோடும் நடைபாதைக் கல்லில் அடித்தார். அடித்த அடியில் நான்கு பக்கமும் சிதறியது. இளநீர் மாதிரி அவ்வளவு தண்ணீர். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் தனக்குத்தான் என்று நினைத்து, பஸ் படியில் நின்ற ஒரு சிவத்த தலைமுடிப் பையன் கையை உயர்த்திக்கொண்டு துள்ளி இறங்கினான். வழுவழுப்பான சப்பாத்து. ஒரு கால் தண்ணீரில், மற்றக் கால் தேங்காய்ச் சொட்டுத் துண்டின் மேல். கையை இறக்காமலேயே விழுந்தான்.

அவன்தான் டூகி என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

லண்டன் கிளை முழுவதும் தலையில் கை வைத்தது. அம்மா மட்டும் குனிந்து பார்த்து, திருப்தியோடு, “நல்லா உடைஞ்சிருக்கு,” என்றார்.

டூகியின் கணுக்கால் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே விளாம்பழம் அளவுக்கு வீங்கியது. இரண்டு பேர் அவனைத் தூக்கினார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இடுப்பிலிருந்து திருநீறு மடித்த காகிதச் சரையை எடுத்து அவன் நெற்றியில் பூசினார்.

“பெடியனுக்குப் பொல்லாத கண்ணூறு பட்டிருக்கு. நான் வராட்டி இன்னும் மோசமாப் போயிருக்கும். சொல்லு அவையளுக்கு.”

அன்று மொழிபெயர்ப்பதை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஆட்டத்தில் ரோவர்ஸ் ஆறுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். தோற்கடித்தவர்கள் தபால்காரர்களும் குழாய் திருத்துபவர்களும் சேர்ந்து சனிக்கிழமைகளில் விளையாடும் ஓர் அணி. டூகி காலில் ஐஸும் நெற்றியில் திருநீறுமாக மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கோல் விழும்போதும் லண்டன் கிளை மைதானத்தைப் பார்க்கவில்லை. மொத்தமாகத் திரும்பி எங்களைப் பார்த்தது.

“ஏன் பிள்ளை எல்லாரும் எங்களையே பாக்கினம்?”

“உங்கட தேங்காயாலதான் அம்மா.”

“பின்னை? நன்றியுள்ள சனம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடவில்லை. அப்பா பெட்ரோல் ஸ்டேஷனிலிருந்து வந்து, “உங்கட பெரியவர் சந்தோசமோ?” என்று கேட்டார். தலையிடி என்று படுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கந்தோருக்குப் போனால் என் மேசையில் ஒரு வெறும் பெட்டி இருந்தது. “உன்னுடைய பொருட்களை எடுத்துவைக்க உதவும் என்று நினைத்தேன்,” என்றாள் மோரீன், மிகவும் அன்பாக. நான் என் பேனாவையும் கல்குலேட்டரையும் பெட்டிக்குள் வைத்தேன். கல்குலேட்டருக்குக் கீழே என் முகத்தையும் வைத்து மூடிவிட முடியுமா என்று பார்த்தேன்.

பத்து மணிக்கு மிஸ்டர் மக்கின்ரி வந்தார். ஏதோ ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டு வந்தார். மோரீனே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உட்காருங்கள். சனிக்கிழமை மாலையிலிருந்து என் வீட்டு டெலிபோன் ஓயவில்லை. டன்மோரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்ட்ரெதம்காரர்கள் கூப்பிட்டார்கள்! அவர்கள் எங்களோடு பேசி எத்தனை வருடம் தெரியுமா? தேங்காய் விசயம் உண்மையா என்று கேட்கிறார்கள்.”

“மன்னித்துக்கொள்ளுங்கள், மிஸ்டர் மக்கின்ரி...”

“மன்னிப்பா? சின்ன வயதிலிருந்து இவர்கள் தோற்பதைப் பார்க்கிறேன். காற்று என்று சொல்வோம், நடுவர் என்று சொல்வோம், மைதானம் சரிவு என்று சொல்வோம். எங்களுக்கே நம்பிக்கை வராது. இப்போதுதான் முதல் தடவையாக ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது.”

அவர் முன்னால் குனிந்தார். குரல் தாழ்ந்தது.

“தோற்காத கழகத்துக்கு இப்படியொரு கதை கிடைக்குமா சொல்லுங்கள்? அங்கே போய் நான் என்ன பேசுவேன்? வென்றோம், வென்றோம் என்றா?”

பொருளியலில் இதற்குப் பதில் இருக்கவில்லை. நான் படித்த வரையில் இல்லை. ரயில் ஏறி, நடுங்கி, தடிமனோடு வந்த அந்தச் சனிக்கிழமைகளில் அவர் ஒரு பொலிசிக்குக் கட்டுப்பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அது முதிர்ந்துவிட்டது.

“அடுத்த மாதம் ஆண்டு விருந்து. இரண்டு கோஷ்டியும் ஒன்றாக. உங்கள் அம்மாவைக் கட்டாயம் அழைத்துவர வேண்டும். ஆகவே உங்களை நிரந்தரமாக்குகிறேன். உங்களை அனுப்பிவிட்டால் நான் சொல்வதை யார் நம்புவார்கள்?”

“என் வேலை?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “இந்த ஆறு மாதமும் நான் செய்த வேலை?”

“அதுவும் பரவாயில்லை,” என்றார்.

டூகி குணமாகி அந்தக் கழகத்துக்கே பல வருடம் விளையாடினான். அவன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் டன்மோரி மைதானத்தில் “தேங்காய்! தேங்காய்!” என்று கத்துவார்களாம். நன்றாக விளையாடினாலும் அப்படித்தான் கத்துவார்களாம். அம்மா ஆண்டு விருந்தில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டார். அப்பா, படிப்பால்தான் பிள்ளைக்கு வேலை நிரந்தரமானது என்று பெட்ரோல் ஸ்டேஷனில் விநியோகித்தார். நான் திருத்தவில்லை. அதுவே உண்மை என்று எனக்கும் மெல்ல மெல்ல நம்பிக்கை வந்துகொண்டிருந்தது.

இது நடந்து பத்து வருடமாகிறது. சென்ற கிழமை, வால்தம்ஸ்டோ கந்தோருக்கு என்னையே முகாமையாளராக்கினார்கள். வீட்டில் சின்ன விருந்து. சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவைச் சீண்டினார்.

“எல்லாம் சரி அண்ணி, அண்டைக்கு நீங்கள் அடிச்ச தேங்காய்தான் பலிக்கேல்லை. ஆறு கோல் எல்லோ வாங்கினவங்கள்!”

அம்மா கரண்டியை நிறுத்தினார்.

“ஆர் சொன்னது பலிக்கேல்லையெண்டு? நான் என்ன, அந்த வெள்ளைக்காரப் பெடியளுக்கோ அடிச்சனான்? அவங்களை எனக்கு ஆரெண்டே தெரியாது. என்ர பிள்ளையின்ர வேலைக்கெல்லோ அடிச்சனான்!”

கூடத்தில் எழுந்த சிரிப்பில் என் பட்டம், பதவி உயர்வு, பொருளியல் எல்லாம் அடிபட்டுப் போயின. நேற்று சித்தப்பாவின் மகன் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டான். சான்றிதழ்களை எடுத்துவைத்தாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. “தேங்காய் வாங்கியாச்சோ?” என்றுதான் கேட்டார்கள். முதலில் கேட்டவர் என் அப்பா.