ஐந்து லாரியும் ஒரு காதுகுத்தும்

முதல் லாரிக்கான தரச்சான்று இருக்க வேண்டிய இடத்தில் 2019-ஆம் வருடத்துச் சான்று வந்து உட்கார்ந்திருந்தது.

லேப் ஃபோல்டரில் எது கடைசியாகச் சேமிக்கப்பட்டதோ, அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்பேட்ச் ஃபோல்டருக்குக் கொண்டுபோகும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்டை ஜெரால்ட்தான் எழுதியிருந்தான். கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலையிலிருந்து அன்று ஐந்து லாரிகள். ஐந்துக்கும் சான்று சரியாகப் போனால் மாலையில் அவனுக்கு வேலை நிரந்தரம். போகாவிட்டால் நாளை முதல் அவன் ரயில் ஏற வேண்டியதில்லை.

லேப் தணிகாசலத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணே, பழைய ஃபைல தொறந்தீங்களா?"

"சும்மா பாத்தேம்பா. பாத்துட்டு சேவ் பண்ணி மூடிட்டேன்."

"பாக்கறதுக்கு இன்னாத்துக்குண்ணே சேவு?"

"தொறந்தா சேவ் பண்ணித்தான் மூடணும். அதாம்பா மரியாத."

ஜெரால்ட் அசரவில்லை. பெயரில் 'புதுசு' என்று இருப்பதை மட்டும் எடுக்கும்படி ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, தணிகாசலத்திடமும் சொல்லிவைத்தான். அரை மணியில் 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'புதுசு இல்ல' என்று மூன்று கோப்புகள் முளைத்தன. ஸ்கிரிப்ட் சிந்தித்து 'புதுசு இல்ல'வை எடுத்துப்போனது.

இரண்டு லாரிகள் கிளம்பிவிட்டன.

பெயரை நம்பினால்தானே வம்பு? இன்று உருவான கோப்பை மட்டும் எடு என்று மாற்றினான். உடனே ஒன்று போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்தான். பிள்ளையார் படம் இருந்தது.

"அண்ணே, இன்னாண்ணே இது?"

"பேத்திக்குக் காதுகுத்துப்பா. இப்பத்தான் பத்திரிக அடிச்சேன். ஞாயித்துக்கெழம வந்துரு, கறிசோறு."

ஜெரால்ட் கேட்டுக்கு ஓடினான். ஐந்தாவது லாரியின் பின்பக்கம்தான் தெரிந்தது.

மாலையில் மேனேஜர் சந்திரகலா கூப்பிட்டார். ஜெரால்ட் பையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டே போனான்.

"கம்பி வாங்கின பார்ட்டி எல்லாரும் போன் பண்ணாங்க ஜெரால்ட்."

"மேடம், அந்தக் காதுகுத்து..."

"காதுகுத்தா? அஞ்சு வண்டி, அஞ்சு சான்று, ஒரு புள்ளி தப்பில்லன்றாங்க. இந்தாங்க பர்மனென்ட் ஆர்டர். நாளைக்கு எல்லா செக்‌ஷனுக்கும் இதே மாதிரி எழுதிக் குடுத்துருங்க."

ஸ்கிரிப்ட் தன்னைத்தானே திருத்திக்கொண்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்தவனாக, ஜெரால்ட் ஆர்டரை விசிறிக்கொண்டே கேட்டைக் கடந்தான்.

"பாத்தியாண்ணே! இனிமே ஆளே வேணாம், எல்லாம் தானா போவுது!" என்றான் வாட்ச்மேன் தேசப்பனிடம்.

தேசப்பன் கொட்டாவியை முடித்துவிட்டுச் சொன்னார்: "டிஸ்பேட்ச்ல கம்ப்யூட்டர யாரு நைனா தொறக்கறா, தணிகாசலத்தாண்ட சான்றுல கையெழுத்து வாங்கினு வந்து அஞ்சு டிரைவர் கையிலயும் நாந்தான குடுத்தேன்?"