வீராயியக்கா ரோட்டைக் கடந்த தொண்ணூத்தாறு படங்கள்

எங்க முக்குக்கு ஒரு சிக்னல் வேணும். இவ்வளவுதான் விஷயம். இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. நானும் சிரிக்காமத்தான் சொல்லப் போறேன்.

பாலக்கரையில எங்க முக்குல இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், நடுவுல ரோடு. அந்த ரோட்டுல வர்ற வண்டிகள்ல பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறது சர்வீசுக்கு விடும்போதுதான் ஓனருக்கே ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்து சத்துணவுக் கூடத்துல சமைக்கிற வீராயியக்கா, தினமும் காலையில பஸ்ஸை விட்டு இறங்கி, முட்டி வலியோட கையை நீட்டிக்கிட்டு கால் மணி நேரம் நிப்பாங்க. போன ஆடியில அவங்களோட சமைக்கிற மாரியாயியை ஒரு வேன் தட்டிட்டு நிக்காமப் போயிருச்சு. மாரியாயி இன்னும் கம்பு ஊணித்தான் நடக்குது. "அடுத்தது நாந்தான் தம்பி, பாத்துக்க"ன்னு வீராயியக்கா ஒருநாள் சொன்னாங்க. என் பேர் ரெங்கராஜ், பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நானே மனு எழுதினேன். இருநூத்திப் பன்னண்டு பேர்கிட்ட கையெழுத்தும் வாங்கினேன்.

மனு குடுக்க ரொம்ப தூரம் போகல. என் கடைக்கு மாடியிலதான் சாலை ஒழுக்க விழிப்புணர்வுப் பிரிவு இருக்கு. அப்படியும் ஒரு ஆபீஸ் இருக்கான்னு கேக்காதீங்க, அவங்க மாடிக்குக் குடி வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். கண்காணிப்பாளர் தங்கையன் மனுவை வாங்கி, முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்து, கண்ணை மூடி யோசிச்சார்.

"சிக்னல் போட எங்களுக்கு அதிகாரம் இல்லியே ரெங்கராஜு. விழிப்புணர்வு ஏற்படுத்தத்தான் அதிகாரம்."

"விழிப்புணர்வை வச்சு வேனை நிறுத்த முடியுமா சார்?"

"அவசரப்படாதீங்க. முதல்ல ஒரு அசைவுப்படம் தயார் பண்றோம். ஒரு அம்மா ரோட்டைக் கடக்கறாங்க. அதை ஆதாரமா இணைச்சு, மேற்படி இடத்தில் பாதசாரிகள் கடக்கிறார்கள்னு மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்பறோம். சிக்னல் தானா வந்துரும்."

"ஜன்னலைத் திறந்தா நேர்லயே கடக்கறாங்களே சார்."

"நேர்ல பாக்கறதைக் கோப்புல வைக்க முடியாதே," அப்படின்னார். அதுவும் நியாயம்தான்.

படம் போட வைஷ்ணவின்னு ஒரு பொண்ணைத் தற்காலிகமா எடுத்தாங்க. ஸ்ரீரங்கத்துலேருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ல வரும். மாடியில பிளக் பாயிண்ட் இல்லாததால லேப்டாப்பும் பேனாவுமா என் கடையிலயே உக்காந்துக்கிச்சு. வீராயியக்காவை அஞ்சு நாள் நிக்க வச்சு, நடக்க வச்சுப் பாத்து, அப்படியே கம்ப்யூட்டர்ல இறக்கிருச்சு. அதே பாசிப்பச்சைச் சேலை, அதே தூக்குவாளி, அதே முட்டி வலி. எனக்கு ஆச்சரியம் தாங்கல.

"எதுக்கும்மா ஒரே ஆளை இத்தனை தடவை வரையறே?"

"ஒவ்வொண்ணுலயும் கால் கொஞ்சம் நகர்ந்திருக்கு பாருங்கண்ணா. செகண்டுக்குப் பன்னண்டு படம், எட்டு செகண்டு, மொத்தம் தொண்ணூத்தாறு. இதுக்கெல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு அனிமேஷன் டைம்லைன்ல மொத்தமா இறக்கிட்டா, நம்பர் வரிசைப்படி ஒவ்வொண்ணும் ஒரு கட்டத்துல போய் உக்காந்துக்கும். பட்டனைத் தட்டினா அக்கா நடப்பாங்க. அரை மணி நேர வேலை."

அரை மணி நேரம்னு சொன்னது தங்கையன் காதுல விழுந்திருக்கணும். மூணு மாசம் ஆச்சு.

"கம்ப்யூட்டர்ல இருக்கறது படமில்லம்மா, வெறும் வெளிச்சம். வெளிச்சத்துல எப்படிக் கையெழுத்துப் போடறது? பிரிண்ட் எடுத்து வை," அப்படின்னார். தொண்ணூத்தாறும் நான்தான் பிரிண்ட் போட்டேன். அதைப் பாத்ததும் அவர் முகம் சுருங்கிப்போச்சு.

"என்னம்மா இது, ஒரே படத்தைத் தொண்ணூத்தாறு பிரதி எடுத்திருக்கே? ஆபீஸ் காப்பி ஒண்ணு, மேலிடத்துக்கு ஒண்ணு. மீதி தொண்ணூத்திநாலு எதுக்கு?"

"ஒரே படம் இல்ல சார். கால் நகர்ந்திருக்கு."

"எவ்வளவு நகர்ந்திருக்கு?"

"கொஞ்சம் சார்."

"கொஞ்சம்னு எழுதினா தணிக்கையில ஒத்துப்பாங்களா? ஒவ்வொரு படமும் முந்தின படத்துலேருந்து எந்த வகையில மாறுபடுதுன்னு தனித்தனியா வேறுபாட்டுச் சான்று வேணும்."

வைஷ்ணவி எழுதுச்சு. 'படம் 41: இடது குதிகால் அரை விரற்கடை உயர்ந்துள்ளது. சேலை முந்தானை சற்று முன்னேறியுள்ளது. வேறு மாற்றம் இல்லை எனச் சான்றளிக்கிறேன்.' இப்படித் தொண்ணூத்தஞ்சு சான்று. முதல் படத்துக்கு முந்தின படம் கிடையாதுங்கறதால, அதுக்கு ஒரு இன்மைச் சான்று. எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு விரலெல்லாம் வீங்கிப்போச்சு, பாவம். ரோட்டுல வீராயியக்கா அதே கால் மணி நேரம் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. மழைக்காலம் வேற ஆரம்பிச்சிருச்சு. "படம் ஆயிருச்சா தம்பி?"ன்னு தினமும் கேப்பாங்க. "சான்று நடக்குதுக்கா"ம்பேன். அவங்களும் தலையாட்டிக்கிட்டுப் போவாங்க.

ஒரு வழியா ஒப்புதல் கிடைச்சுது. ஒப்புதல்னா சும்மா இல்ல. ஒவ்வொரு படத்துலயும் இடது மேல் மூலையில பஞ்ச் போட்டு ஓட்டை, அதுல டேக் கயிறு, நடுவுல ரப்பர் ஸ்டாம்பு, கீழ பச்சை மையில கையெழுத்து. இடது மேல் மூலையிலதான் வைஷ்ணவி சூரியனை வரைஞ்சிருந்துச்சு.

"இனிமே ஒப்புதல் ஆன இந்தப் பிரதியைத்தான் பயன்படுத்தணும். உன் கம்ப்யூட்டர்ல இருக்கறது ஒப்புதல் ஆகாதது. ரெங்கராஜு, இதை அப்படியே ஸ்கேன் பண்ணிக் குடுங்க. வரிசை மாறக் கூடாது."

நானும் வரிசை மாறாமத்தான் ஸ்கேன் பண்ணேன். ஆபீஸ் கோப்புல எப்பவும் புதுசா வர்ற தாள் மேலதான் இருக்கும், பழசு அடியில போகும். அவங்க கோத்தது அப்படி. பக்க எண்ணும் மேலேருந்துதான் போட்டிருந்தாங்க. அக்கா பள்ளிக்கூட வாசல்ல ஏறின தொண்ணூத்தாறாவது படம் பக்கம் ஒண்ணு. பஸ் ஸ்டாப்புல நிக்கிற முதல் படம் பக்கம் தொண்ணூத்தாறு. மெஷின்ல வச்சு பட்டனைத் தட்டினது நான்தான், மறைக்கல.

வைஷ்ணவி அதை டைம்லைன்ல இறக்கி ஓட விட்டுச்சு. பாத்தா, வீராயியக்கா பள்ளிக்கூட வாசல்லேருந்து முதுகைக் காட்டிக்கிட்டு, பின்னாடியே நடந்து வர்றாங்க. தூக்குவாளி பின்னாடி ஆடுது. வேனெல்லாம் ரிவர்ஸ்ல ஓடுது. சூரியன்ல ஓட்டை கிடந்து துள்ளுது. பச்சைக் கையெழுத்து ரோடு பூரா பல்லி மாதிரி ஓடுது. எட்டு செகண்டுல அக்கா பத்திரமா பஸ் ஸ்டாப்புக்கே திரும்பி வந்து நின்னுட்டாங்க.

ஐயோன்னு மாடிக்கு ஓடினோம்.

"சார், எல்லா ஃப்ரேமையும் செலக்ட் பண்ணித் திருப்பிப் போட்டா ஒரு நிமிஷத்துல சரியாயிரும் சார்," அப்படின்னுச்சு வைஷ்ணவி.

தங்கையன் நாற்காலியை விட்டு எந்திரிச்சே போயிட்டார். "பக்க எண் போட்ட கோப்புல வரிசையை மாத்தறதா? அதுக்குப் பேர் ஆவணத் திருத்தம். எனக்கு முன்னாடி இந்த சீட்டுல இருந்தவர் ரெண்டே ரெண்டு பக்கத்தை மாத்தி வச்சு, எட்டு மாசம் சஸ்பெண்டுல இருந்தார். நீ தொண்ணூத்தாறையும் மாத்தச் சொல்றே!"

"அந்தம்மா பின்னாடி நடக்கறாங்களே சார்!"

"நடக்கட்டும். கோப்பு ஒழுங்கா இருக்கில்ல?"

வைஷ்ணவி கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கும் கோவம்தான். ஆனா மாடியோட ஜெராக்ஸ் பூரா நம்ம கடையிலதான் எடுக்கறாங்க, என்ன பேசறது? இறங்கி வந்துட்டேன்.

வெளியீட்டு விழாவுக்கு மேலிடத்துலேருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். மண்டபத்துல திரையில படம் ஓடுச்சு. எட்டு செகண்டு. அதிகாரி மெதுவாத் திரும்பி, "இது என்ன கருத்து?"ன்னு கேட்டார். தங்கையன் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சார். மனுஷனுக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ தெரியல.

"ஐயா, கடவாமையே காப்பு. ரோட்டைக் கடந்தாத்தானே விபத்து? கடந்தவங்களும் கடக்கறதுக்கு முந்தின இடத்துக்கே திரும்பி வந்துட்டா, விபத்து பூஜ்ஜியம்."

அதிகாரி அஞ்சு செகண்டு யோசிச்சார். அப்புறம் கை தட்டினார். அவர் தட்டினதும் மண்டபமே தட்டுச்சு. நானும் தட்டினேன், பக்கத்துல எல்லாரும் தட்டும்போது சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?

படத்தை இணையத்துல போட்டாங்க. அதுக்கப்புறம் நடந்ததைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியல. பின்நடை சேலஞ்ச்னு பேர் வச்சு ஊரே பின்னாடி நடக்க ஆரம்பிச்சிருச்சு. பொன்மலையில ஷிப்ட் முடிஞ்சு வந்த ஒர்க்ஷாப் ஆளுங்க வரிசையா பின்னாடி நடந்து ரீல் போட்டாங்க. துறையூர்லேருந்து ஒரு கல்யாண ஜோடி மாலையோட வந்து எங்க முக்குல பின்னாடி நடந்து போட்டோ எடுத்துக்கிச்சு. ஜிம் வச்சிருக்கிற ஒருத்தர், பின்நடை முட்டிக்கு ரொம்ப நல்லதுன்னு காலையில வகுப்பே ஆரம்பிச்சுட்டார். முட்டி வலி உள்ள வீராயியக்கா மட்டும் முன்னாடி நடந்து, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வேலைக்குப் போனாங்க.

மாசக் கடைசியில மனுவுக்குப் பதில் வந்துச்சு. வீராயியக்கா கடையில வந்து உக்காந்துக்கிட்டாங்க. "படிச்சுச் சொல்லு தம்பி, சிக்னல் என்னிக்கு?"ன்னு கேட்டாங்க. நான் படிச்சேன்.

'மேற்படி இடத்தில் பாதசாரிகள் எவரும் சாலையைக் கடந்து செல்வதில்லை என்பது, இவ்வலுவலகத் தயாரிப்பான அசைவுப்படத்தின் வாயிலாக ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளது. மேலும், இந்நிலையே தொடரலாம் என 2,14,306 பொதுமக்கள் இதயக்குறியிட்டு இசைவு தெரிவித்துள்ளனர். சிக்னல் கோரிய 212 நபர்களைக் காட்டிலும் இவ்வெண்ணிக்கை அதிகம் என்பதால், மனு முடித்து வைக்கப்படுகிறது.'

வீராயியக்காவுக்கு முகம் செத்துப்போச்சு. "யாருய்யா அந்த ரெண்டு லட்சம் பேரு? எம் மேல என்ன வன்மம் அவங்களுக்கு?"

போனை எடுத்து, படத்துக்கு இதயம் போட்டவங்க பேரைப் பாத்தேன். ஒண்ணொண்ணாத் தள்ளத் தள்ள எல்லாம் தெரிஞ்ச பேராவே வருது. பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடத்து டீச்சர், மனுவுல முதல் கையெழுத்துப் போட்ட டீக்கடை ஹனீஃபா பாய், காலொடிஞ்ச மாரியாயி, வைஷ்ணவி, நான்.

"நானும் போட்டேனே தம்பி," அப்படின்னாங்க வீராயியக்கா மெதுவா. "எம் மூஞ்சி டிவியில வர்ற மாதிரி வந்திருக்கேன்னு ஆசையில போட்டேன். மவ போனுலயும் ஒண்ணு போட்டேன். அது வேணாம்னு சொன்ன கணக்கா? எடுத்துர முடியாதா?"

எனக்கு மனசு பொறுக்கல. மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"தாராளமா எடுக்கலாம்," அப்படின்னார் தங்கையன். "குறியிட்ட ஒவ்வொருத்தரும் நேர்ல வந்து, அடையாள அட்டை நகலோட, இசைவு திரும்பப் பெறும் மனு குடுக்கணும். பாதிப்பேர் குடுத்துட்டா கோப்பைத் திரும்பத் திறந்துரலாம்."

அன்னிக்கே படிவம் அடிச்சுக் கடை வாசல்ல போர்டு மாட்டிட்டேன். இதயம் திரும்பப் பெறும் படிவம் இங்கே கிடைக்கும், அடையாள அட்டை நகலும் எடுத்துத் தரப்படும். இன்னியோட அம்பது நாள் ஆகுது. வந்து வாங்கினது ஒரே ஒருத்தர், வீராயியக்கா. மவளுக்கும் சேத்து ரெண்டு. மத்தவங்களும் வராம இல்ல, தினமும் முப்பது நாப்பது பேர் வந்து படிக்கட்டுல நிக்கறாங்க. ரீல் எடுக்க எந்த இடத்துல நின்னா பின்னாடி நடக்கறது நல்லா விழும்னு கேக்கறாங்க. நானும் வெளிய வந்து இடத்தைக் காட்டிட்டுத்தான் போறேன்.

என்னோட படிவமா? அன்னிக்கே பூர்த்தி பண்ணி கல்லாவுல வச்சிருக்கேன். மாடிக்குக் கொண்டுபோய்க் குடுக்கத்தான் நேரமில்ல. ரீல் கூட்டத்தால கடையில இப்ப நல்ல வியாபாரம்.