அப்பா அட்டை போட்ட கால் லெட்டர்

தாம்பரத்துலேர்ந்து ரெண்டே ஸ்டேஷன். குரோம்பேட்டையில எறங்கணும், பத்து மணி இன்டர்வியூவை முடிக்கணும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும். அன்னிக்கு என் வேலை இவ்வளவுதான்.

எழுபதுகள்ல நடந்தது. பி.காம். முடிச்சு ரெண்டு வருஷமா சும்மா உக்காந்திருந்தேன். மூணு இன்டர்வியூ போனேன், மூணும் ஊத்திக்கிச்சு. இது நாலாவது. ஒரு தோல் கம்பெனியில கிளார்க் வேலை.

அப்பா தெளிவாச் சொல்லிட்டாரு. "ஜேம்ஸ், இதுவும் போச்சுன்னா நீ டீச்சர் ட்ரெயினிங் சேர்ற. அப்புறம் என் ஸ்கூல்லயே உனக்கு வேலை."

அப்பா அந்த ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர். வீட்டுல வாங்குற திட்டு போதாதுன்னு ஸ்கூல்லயும் போய் வாங்கணுமா? எப்பாடு பட்டாவது கிளார்க் ஆயிடணும்னு ராப்பகலாப் படிச்சேன்.

அப்பாவே நாப்பது கேள்வி எழுதிக் குடுத்திருந்தாரு. பல்கேரியாவோட தலைநகர் எது, இந்த வேலைக்கு ஏன் வர விரும்புறீங்க, எல்லாம் அதுல இருந்துச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் "சோஃபியா" ன்னு சொல்வேன்.

அப்பாவுக்கு இன்னொரு பழக்கம். கையில எது கெடைச்சாலும் பழைய பேப்பர்ல அட்டை போட்டுடுவாரு. நோட்டு, பைபிள், ரேஷன் கார்டு, ஒண்ணையும் விடமாட்டாரு. மேலே லேபிள் ஒட்டிப் பேரும் எழுதுவாரு. இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி வந்த என் கால் லெட்டருக்கும் அட்டை போட்டாரு. அன்னிக்குன்னு பார்த்துப் பசை தீர்ந்துபோச்சு, லேபிள் ஒட்டலை.

"மேசை மேல வெச்சிருக்கேன். மறக்காம எடுத்துக்கோ."

"சரிப்பா."

இந்த 'சரிப்பா'வை ஞாபகம் வெச்சுக்குங்க.

என்கிட்ட ஷூ கெடையாது. அஸ்தினாபுரத்துல இருந்த அக்கா வீட்டுக்குப் போய் மாமாவோட ஷூவை இரவல் வாங்கிட்டு வந்திருந்தேன். மாமா மருந்துக் கம்பெனி ரெப். அதைப் போட்டுக்கிட்டு ஊர் ஊரா அலையுறவரு. அந்த ஷூவோட வாசனையைப் பத்தி இப்போதைக்கு நான் ஒண்ணும் சொல்லலை.

மாமாவுக்கு ஒன்பதாம் நம்பர், எனக்கு ஏழு. போட்டு நடந்தா, நான் முன்னாடி போறேன், ஷூ பின்னாடி வருது.

"நுனியில பேப்பரைத் திணிடா, சரியாயிடும்" னு அம்மா வழி சொன்னாங்க.

அதுக்குள்ள அப்பா ஜெபத்துக்குக் கூப்பிட்டாரு. தெருவுல இருக்கிற நோயாளிங்க எல்லாருக்கும் ஜெபம் பண்ணிட்டு, கடைசியிலதான் எனக்கு வந்தாரு. ட்ரெயினுக்கு நேரமாச்சு. ஆமென் சொன்ன கையோட மேசை மேல கெடந்த பேப்பரை ரெண்டு ஷூவுலயும் திணிச்சு, சர்ட்டிபிகேட் ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

ஷூ கச்சிதமா நின்னுச்சு. அதுலயும் எடது கால் பிரமாதம்.

கம்பெனி கேட்ல வாட்ச்மேன் கையை நீட்டினாரு. "இன்னாபா, லெட்டரு எங்க?"

ஃபைலைத் தொறந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. புக் இருக்கு, டிகிரி இருக்கு, பாதிரியார் குடுத்த நன்னடத்தை சர்ட்டிபிகேட்கூட இருக்கு. கால் லெட்டர் இல்லை. அப்பதான் அந்த 'சரிப்பா' ஞாபகம் வந்துச்சு.

"அண்ணே, வீட்டு மேசையில விட்டுட்டேன்."

"வூட்டாண்ட கீதா? அப்ப வூட்டாண்டயே போயி இன்டர்வியூ குடு."

மணி ஒன்பதே முக்கால். திரும்பிப் போய் எடுத்துட்டு வர நேரமில்லை. கெஞ்சினேன். அப்பா ஹெட்மாஸ்டர்னு சொன்னேன், மசியலை. "நீங்க உள்ள விடலேன்னா நான் அவருக்குக் கீழ வாத்தியாராயிடுவேன்ணே" ன்னு விஷயத்தைச் சொன்னதும் அவரு மனசு எளகிடுச்சு. "எங்க நைனாகூட இப்டித்தான். போ, உள்ள நீயே பேசிக்கோ."

உள்ளே ரெண்டு பேர். ஒருத்தர் கண்ணாடி போட்ட மேனேஜர். இன்னொருத்தர் வெள்ளைச் சட்டை, தொப்பியோட முதலாளி. அவரைக் கம்பெனியில எல்லாரும் பாய்னுதான் சொல்வாங்க.

மேனேஜர் கேட்டாரு. "கால் லெட்டர்?"

"பத்திரமா இருக்கு சார். வீட்டுல."

"லெட்டர் இல்லாம இன்டர்வியூ கிடையாது. நீ போகலாம்."

அவ்வளவுதானா? நாப்பது கேள்வியில ஒண்ணுகூடக் கேக்கலையே? "சார், பல்கேரியாவோட தலைநகர் சோஃபியா சார்" னேன்.

"யாரு கேட்டா?"

தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பி நடந்தேன். ரெண்டு அடி வெச்சிருப்பேன், எடது கால் குளுகுளுன்னு இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா, வேர்வையில பேப்பர் அமுங்கி லூசாயிட்ட மாமாவோட ஷூ மேசைக்கு முன்னாடியே அட்டென்ஷன்ல நிக்குது. எனக்குப் பதிலா அது இன்டர்வியூ குடுத்துக்கிட்டு இருக்கு.

எடுக்கலாம்னு குனியறதுக்குள்ள பாய் எழுந்து வந்து அதைக் கையில எடுத்துட்டாரு. தோலை அழுத்திப் பார்த்தாரு, அடியைத் தட்டிப் பார்த்தாரு. தொழில் பழக்கம். அப்புறம் கையை உள்ளே விட்டாரு.

"ஐயோ வேணாம் சார்" னேன். வாசனையை நெனைச்சுத்தான் சொன்னேன்.

ஒரு பேப்பர் பொட்டலம் வந்துச்சு. மூலையெல்லாம் மடிச்சு, சுருக்கமே இல்லாம அட்டை போட்ட பொட்டலம். அந்த மடிப்பை எங்க பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். எனக்கு உசிரே போயிடுச்சு.

பாய் அதைப் பிரிச்சாரு. உள்ளே வேர்வையில நனைஞ்ச என் கால் லெட்டர். ரெண்டு வெரல்ல புடிச்சு, தூரமா நீட்டிப் படிச்சாரு. மேனேஜர் பக்கம் திரும்பினாரு.

"'இதைத் தவறாமல் கொண்டு வரவும்' னு நீங்கதானே போட்டிருக்கீங்க? கொண்டுதான் வந்திருக்காரு."

அப்புறம் என்னைப் பார்த்தாரு. "ஏன் தம்பி, கால் லெட்டர்னா கால்ல போட்டுக்கிட்டு வரணும்னு யாரு சொன்னது?"

மேனேஜர் கண்ணாடியைக் கழட்டிட்டு, மேசையில தலையை வெச்சுச் சிரிச்சாரு. நான் ஒத்தக் கால்ல நின்னேன்.

"யாரோட ஷூ இது?"

"மாமாவோடது சார்."

"சரி, உக்காரு. ஒரே கேள்விதான். இது தோல் கம்பெனி. நாத்தம் கொடலைப் புடுங்கும். தாங்குவியா?"

நாப்பது கேள்வியில இது இல்லை. வாய்ல வந்ததைச் சொன்னேன். "காலையிலேர்ந்து இந்த ஷூவையே தாங்கிக்கிட்டு இருக்கேன் சார்."

பாய் லெட்டரை மூக்குக்கிட்ட கொண்டு போனாரு, வேகமாத் தள்ளிப் புடிச்சாரு. "இதைத் தாங்கினவன் எதையும் தாங்குவான்" னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டாரு.

பத்தே நாள்ல வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பா அதை ரெண்டு தடவை படிச்சாரு. பழைய பேப்பரை எடுத்து நிதானமா அட்டை போட்டாரு. இந்தத் தடவை பசை இருந்துச்சு. லேபிள் ஒட்டி, கொட்டை எழுத்துல எழுதினாரு:

"ஷூவுக்கு அல்ல."