ஒத்திகை அக்காவின் வெள்ளிக்கிழமைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே எதையும் முதல்தடவையாகச் செய்யாத ஒரே மனுசி எங்கள் ஒத்திகை அக்காதான். இணுவிலில் நாங்கள் வேலை செய்த கலியாண அல்பக் கடையில், படங்களைப் பொறுக்கிப் பக்கம் அமைப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் ஞாபகம் வரும்.

காங்கேசன்துறையில் கப்பலேறி இந்தியாவுக்குப் போகவேண்டியிருந்தபோது, ஒரு கிழமைக்கு முன்பே முழுப் பொதிகளோடும் ஓட்டோவில் அங்கே போய் நின்றார். இன்றைக்குக் கப்பல் இல்லை என்றாராம் காவலாளி. தெரியும் என்றாராம் அக்கா. பெட்டியின் சில்லு வழியிலேயே கழன்றுவிட்டதால், தான் செய்தது எவ்வளவு சரி என்று ஒரு மாதம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் பெண் பார்க்க ஒரு பகுதியினர் வருவதாக இருந்தது. முதல்நாளே எங்களை மாப்பிள்ளை வீட்டாராக இருத்தி றோல்ஸும் தேத்தண்ணியும் தந்தார். நான்தான் மாப்பிள்ளை. மறுநாள் வந்த உண்மையான மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டார். அந்த மனிசன் என்னைவிடக் குறைவாகத்தான் கதைத்தாராம்.

கணினியிலும் இதே கதை. பின்னேரம் எல்லாவற்றையும் கணினியில் செருகும் வெளித்தட்டில் பிரதி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதோடு விட்டால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவரின் மடிக்கணினியைப் பறித்து, அதன் வன்தட்டைக் கழற்றி, வெறும் தட்டொன்றைப் பூட்டி, பிரதியை அதில் ஏற்றி, கணினி இயங்குகிறதா என்று பார்ப்பார். எங்களுக்கு அரைநாள் வேலை கெடும். பிரதிதான் இருக்கிறதே என்று முதலாளி அண்ணை ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"இருக்குது எண்டுதான் தெரியும் அண்ணை. எழும்புமோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

பிறகு அண்ணை புதிய மடிக்கணினி ஒன்று வாங்கினார். வந்த வெள்ளியே அது அக்கா கையில். பிரதியை ஏற்றி முடித்து இயக்கினால் கறுப்புத் திரை. தொடங்குவதற்கு எதையும் காணவில்லை என்று ஒரு வரி. எத்தனைதரம் முயன்றும் அதே வரிதான். அன்று அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் தனியே வந்திருந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். பழைய கணினிகள் தட்டின் முதல் துண்டைப் பார்த்தே தொடங்கிவிடும்; அது பிரதியோடு கூடவே வந்துவிடும். புதியவை தட்டில் தனியாக ஒதுக்கிய சின்னப் பகுதியொன்றில் தொடக்கக் கோப்பைத் தேடும். அக்காவோ படங்களும் மென்பொருட்களும் கிடந்த பெரிய பகுதியை மட்டும் பிரதி எடுத்திருந்தார்.

"வீட்டை அப்பிடியே கொண்டந்திட்டன். வாசல் படலையை விட்டிட்டன்," என்றார்.

முழுத்தட்டையும் திரும்பப் பிரதி எடுத்தார். பிரதியை ஏற்றுவதற்கு வைத்திருந்த பென் டிரைவும் பழைய முறையில் தொடங்குவதுதான். அதையும் புது முறைக்கு மாற்றினார். அடுத்த வெள்ளி கணினி எழும்பியது. யாரும் கைதட்டவில்லை, இன்னொரு அரைநாள் போன கோபம் எங்களுக்கு.

சில கிழமை கழித்து, கனடாவிலிருந்து வந்து கலியாணம் செய்த ஒரு சோடி அல்பம் பார்க்க வரவிருந்த காலையில், அந்தப் புதிய கணினியின் தட்டுச் செத்துப்போயிற்று. அன்று பின்னேரமே அவர்களுக்குப் பயணம். கமரா அட்டைகளை அடுத்த கலியாணத்துக்காக அழித்தாயிற்று. அல்பம் அமைக்கும் மென்பொருளும் அந்தக் கணினி ஒன்றில்தான் இருந்தது. அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அவர்களை வரவேண்டாம் என்று சொல்ல நான் போனை எடுத்தேன்.

"வரச் சொல்லு," என்றார் அக்கா.

வெறும் தட்டைப் பூட்டினார், பிரதி இருந்த வெளித்தட்டையும் பென் டிரைவையும் செருகினார். திரையில் கோடு ஊர்ந்துகொண்டிருக்க அவர்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னறையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். கடைசியில் திரை வெளித்தது. முதல்நாள் விட்ட இடத்திலேயே அல்பம் திறந்தது. மணவறையில் பெண் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணை பின்பக்கம் போய் முகம் கழுவினார்.

பின்னேரம் வெளியே வந்தபோது, அக்கா தன் ஸ்கூட்டியின் திறப்பை அதன் துவாரத்துக்குள் போடமுடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். நான் அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றி உரும்பிராயில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில் அக்கா கேட்டார்.

"அந்தப் பிள்ளை சிரிக்கிற படம் நல்ல வடிவு, என்ன?"

ஓம் அக்கா என்றேன். அவர் உள்ளே போய் லைற் போடும்வரை படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்றுவிட்டுத்தான் திரும்பினேன்.