பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசிய லத்தீன்

இயேசு மரி சூசை துணை

மூக்கண்டப்பள்ளி,
12.8.1986

அன்பு மைத்துனன் யேசுராஜுக்கு மாமா அருள்ஜோசப் எழுதுவது. நானும் உன் அக்காவும் மகள் மேரிராணியும் உடம்புக்கு நலம். அங்கும் சுகம் என்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூர் நடைபாதையில் பழைய புத்தகம் ஒன்று வாங்கினேன். இங்கிலீஷ் வார்த்தைகள் பிறந்த கதை. அதில் பில்லி சூனியப் பகுதியைப் படித்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளாமர் என்கிறோமே, அது கிராமர் என்ற வார்த்தை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் திரிந்ததாம். இலக்கணம் படித்தவனெல்லாம் மந்திரவாதி என்று ஜனங்கள் பயந்த காலம். எழுத்துக் கூட்டுவதும் ஸ்பெல், மந்திரமும் ஸ்பெல். கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட்டு நட்டோடு உட்கார்ந்திருப்பவன் இதை யாரிடம் சொல்லி ஆறுவது?

ஞாயிறன்று மேரிராணியைப் பெண் பார்க்கக் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்தார்கள். பையன் தங்கமானவன், லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் தாயார் ஜெபசீலி அம்மாள், பொண்ணு சார்மிங்காக இருக்கிறாள் என்றார். சார்ம் லத்தீனில் பாட்டாக இருந்து மந்திரமாக மாறியது என்றேன். பையனின் அப்பா பேச்சை மாற்ற எண்ணி, உங்கள் வீடு ஃபேஸினேட்டிங் என்றார். அது கண்ணேறு, சூனியம் என்று பொருள்படும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது என்றேன். அம்மாள் தட்டைக் கீழே வைத்தார்.

"எம் மவன உங்க பொண்ணு மந்திரம் போட்டு மயக்கிட்டாங்கறீங்களா, இல்ல நாங்க கண்ணு வெக்க வந்தோங்கறீங்களா?"

வாய் சும்மா இருக்கிறதா. "ரெண்டுந்தாங்கம்மா. ஆனா ரெண்டும் லத்தீனு" என்றேன்.

கடித்த போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். உன் அக்கா அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. மேரிராணி அழுது முடித்து, சூனியக்காரியை விட்ச் என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். துக்கத்தை மறந்து புத்தகத்தை எடுத்துவிட்டேன். பழைய இங்கிலீஷில் விச்சா ஆண், விச்செ பெண். அதற்கு அப்பால் பண்டிதர்களே அடித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே ஊத்தங்கரையில் நீ சொன்ன அந்த வாத்தியார் பையன் வீட்டில் உடனே பேசி முடிக்கவும். குழந்தைகளுக்கு ஆண்டவருடைய ஆசி நிறைய உண்டாகட்டும்.

உன் மாமா,
அருள்ஜோசப்

பி.கு.: வாத்தியார் வீட்டுப் பக்கமே போகாதே. உறையை ஒட்டும்போது பட்டறைப் பையன் மொபெட்டில் வந்து இறங்கினான். மேரிராணியைத்தான் கட்டுவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தானாம். தாயாரும் சம்மதித்துவிட்டார், கல்யாணத்தன்று நான் வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. சத்தியம் செய்துவிட்டேன். ஆனால் மச்சான், வித்தைக்காரன் சொல்கிற ஹோகஸ் போகஸ் இருக்கிறதே, அது நம் லத்தீன் பூசை மந்திரத்திலிருந்தே வந்தது என்று சிலர் சொல்கிறார்களாம். கல்யாணப் பூசை வைக்கிற சாமியாரிடம் மட்டுமாவது சொல்லாமல் எப்படி இருப்பது?