டாக்டரம்மாவின் ஓட்டைக் கல்

"சுவருக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுற வீட்டுல நான் குடியிருக்க மாட்டேன்!"

பல் டாக்டர் இப்படி வெடித்ததை மேஸ்திரி வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. அவருடைய கடைவாய்ப் பல்லுக்குள் டாக்டரின் கருவி இருந்தது.

பேச்சு, அந்த மேஸ்திரியை வைத்து டாக்டர் கட்டப்போகும் வீட்டைப் பற்றியது. கதவருகே நின்று நச்சரித்துக்கொண்டிருந்தவன் அவளுடைய கொழுந்தன். ஃபோம் பலகை விற்பவன்.

"சாதாச் செங்கல்லுல கட்டுங்க அண்ணி. உள்பக்கம் நம்ம பலகையை ஒட்டிட்டா வீடு குளுகுளுன்னு இருக்கும்."

"எதையும் ஒட்ட வேண்டாம். ஓட்டை ஓட்டையா ஒரு கல்லு வருதே, அதுல கட்டுனாலே போதும். உள்ள அடைஞ்சு நிக்கிற காத்து வெயிலைத் தடுத்துரும். கரண்டும் மிச்சம்."

"காத்தை நம்பி யாராவது வீடு கட்டுவாங்களா?"

"ஆ... ஆ..." என்றார் மேஸ்திரி.

"நீங்க பேசாதீங்க. ஓட்டையை விட்டுவச்சா மொத்தப் பல்லும் போயிரும். மூலை முடுக்கு விடாம அடைக்கணும்."

மேஸ்திரி பயபக்தியோடு தலையாட்டினார். அடைத்து முடித்ததும் அவள் காசு வாங்க மறுத்துவிட, அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணமான நாள் முதல் மொட்டைமாடி வாடகை அறையில் வெந்தவள் அவள். சொந்த வீட்டுச் சுவரையாவது தன் இஷ்டத்துக்குக் கட்ட வேண்டும் என்ற வெறி அவளுக்கு. அதனால் பந்தயத்துக்கே இறங்கிவிட்டாள். மனையில் இரண்டு பெட்டிகள் கட்டுவது: ஒன்று அவளுடைய கல்லில், இன்னொன்று கொழுந்தனின் பலகை ஒட்டி. இரண்டுக்குள்ளும் ஐஸ் கட்டி. யாருடையது முதலில் கரைகிறதோ அவர் தோற்றார்.

"தோத்தா உன் பலகையை என் கையாலேயே ஒட்டுறேன், போ!"

"எதுக்கு இந்த வம்பு?" என்ற கணவனை அவள் பார்த்த பார்வையில், அவன் ஐஸ் வாங்கக் கிளம்பிவிட்டான்.

ஓட்டைக் கற்கள் வந்து இறங்கின. மேஸ்திரி ஒரு கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "உச்" கொட்டினார். "கவலைப்படாதீங்க டாக்டரம்மா. நானாச்சு." அவள் நிம்மதியாகக் கிளினிக்குக்குப் போனாள்.

மறுநாள் மதியம் திறந்து பார்த்தால் அவள் பெட்டியில் தண்ணீர். கொழுந்தன் பெட்டியில் ஐஸ் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"மூடி சரியில்லை. இடிச்சுட்டு மறுபடி கட்டுங்க!"

கனமான மூடியோடு புதுப் பெட்டி எழுந்தது. இந்த முறை ஐஸ் இன்னும் சீக்கிரம் கரைந்தது.

"என் பெட்டி மேலதான் நேரா வெயில் விழுது. இடத்தை மாத்துங்க!"

"மாத்திரலாம்மா. இந்தத் தடவை உசிரைக் கொடுத்துக் கட்டுறேன்" என்றார் மேஸ்திரி. சொன்னபடியே செய்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

மரத்தடி நிழலில் நின்ற மூன்றாவது பெட்டியில், கணவன் டீ குடித்து முடிப்பதற்குள் ஐஸ் காணாமல் போனது. கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் நிமிர்ந்து நின்றாள்.

"பசையைக் கொண்டா. சொன்ன சொல் மாற மாட்டேன், நானே ஒட்டுறேன். ஆனா ஒண்ணு தம்பி, தப்பு என் கல்லு மேல இல்லை. எந்தக் கொம்பன் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்!"

மேஸ்திரிக்குத் தாங்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"உங்க மேலயும் தப்பு இல்ல டாக்டரம்மா. நீங்க என் பல்லுக்குச் செஞ்ச மாதிரியே, மூணு தடவையும் ஒரு ஓட்டை விடாம சிமெண்டைக் கம்பியால குத்திக் குத்தி அடைச்சுத்தான் கட்டினேன்!"